அக்கரையில் அழுதவள்

மூடுபனி இறங்கிவிட்டால் எங்கள் பாலத்தில் யாரும் சட்டென்று கால் வைக்க மாட்டோம். பாலத்தின் தலைப்பில் நின்று, வாயைக் குவித்து, "ஓ..." என்று நீளமாக ஒரு குரல் கொடுப்போம். எதிர்க்கரையிலிருந்து பதிலுக்கு ஒரு "ஓ..." வந்தால் அங்கே ஆள் இருக்கிறது, பாலத்தில் ஏறப்போகிறது என்று அர்த்தம். பதில் கொடுத்தவருக்குத்தான் முதல் வழி. நாம் ஒதுங்கி நிற்க வேண்டும். பதில் வராவிட்டால் தாராளமாகப் போகலாம். வார்த்தை எதுவும் கிடையாது. கீழே ஆறு போடுகிற இரைச்சலில் வார்த்தையெல்லாம் கரைந்துபோகும், இழுத்துக் கத்துகிற ஒற்றைக் குரல்தான் அக்கரை போய்ச் சேரும். வெயில் நாளில் இந்த வேலையே இல்லை. இங்கே நின்றால் அங்கே நிற்கிறவரின் மூக்குவரை தெரியும்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில் நோர்வூட்டுக்கு மேலே இருந்தது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் எங்கள் டிவிசன். வரிசை வீடுகளாகச் சில லயங்கள், ஒரு கோயில், ஒரு பிள்ளைக்காம்பரா. கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற அந்த அறையில் நான் ஆயாவாக இருந்தேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் என்பதாலும், வாய் நீளம் என்பதாலும் அந்த வேலை கிடைத்தது. மற்ற எல்லாமே ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஃபேக்டரி, ஆஸ்பத்திரி, முஸ்லிம் நானாவின் கடை, அட்டன் பஸ் வந்து திரும்புகிற முடக்கு. பால் மாவு வேண்டுமானாலும் பாலம், காய்ச்சல் வந்தாலும் பாலம்.

பாலம் தோட்டத்துக்குச் சொந்தமில்லை. அரசாங்க ரோட்டுப் பாலம், இரும்புச் சட்டத்தின் மேல் பலகை பாவியது. ரோட்டு இலாக்காவின் ஆட்கள் அக்கரையிலேயே ஒரு சின்ன லயத்தில் குடியிருந்து அதைப் பார்த்துவந்தார்கள். ஒரு பலகை இளகினால் மறுநாளே ஆணி அடித்திருக்கும். வருசத்துக்கு ஒருமுறை, பெரிய மழைக்கு முன்னால், பாலத்தின் காலடியில் ஒரு சேவலை அறுத்து, ரத்தத்தை இரும்பில் தடவிவிட்டு, கறியை அங்கேயே ஆக்கிச் சாப்பிடுவார்கள். ஓவர்சியரும் வந்து இலை போட்டு உட்காருவார். சேவல் வாங்கிய பாலம் ஆளைக் கேட்காது என்று எல்லாரும் நம்பினார்கள். நானும் நம்பினேன், ஆனால் எனக்குச் சேவலைவிடக் கறியில்தான் நம்பிக்கை அதிகம்.

நான் கல்யாணமாகி வந்து சில வருசத்தில் அந்த ஆட்களை அங்கிருந்து மாற்றிவிட்டார்கள். இனி பாலம் பழுதுபார்க்கிற வேலையெல்லாம் கொந்தராத்து என்றார்கள். இலாக்கா தன் கையை விட்டுவிட்டது, யாரோ ஒரு தனி ஆள் எடுத்துச் செய்வார், அவ்வளவுதான். எங்களிடம் யாரும் கேட்கவில்லை. எங்களுக்கு அப்போது ஓட்டும் இல்லை, ஓட்டில்லாத சனத்திடம் யார் எதைக் கேட்பார்கள்?

மழைக்காலம் நெருங்கியதும் என் வீட்டுக்காரரும் கோயில் தலைவரும் ஓவர்சியரைப் போய்ப் பார்த்துச் சேவல் விசயத்தைக் கேட்டார்கள். அவர் கையை விரித்தார். "இனிமே அதெல்லாம் கொந்தராத்துக்காரர்கிட்ட கேளுங்க" என்றுவிட்டார். கொந்தராத்துக்காரர் வெள்ளைச் சட்டை போட்ட, நல்லபடியாகப் பேசுகிற மனிதர். அவர் சிரித்தாராம். "எங்க ஒப்பந்தத்துல பலகை இருக்கு, ஆணி இருக்கு, பெயின்ட் இருக்கு. சேவல் இல்லியே" என்றாராம்.

"நம்மளே அறுத்துட்டாப் போகுது, சேவலுக்கா பஞ்சம்?" என்று நான் கேட்டேன்.

"அது செல்லாது புள்ள. பாலம் யாருதோ அவுங்கதான் குடுக்கணும். நாம குடுத்தா அது ஏத்துக்காது" என்றார் என் வீட்டுக்காரர்.

அப்படியானால் பாலம் இப்போது யாருடையது? அதுதான் கேள்வி. அந்த வருசம் சேவல் விழவில்லை.

கொந்தராத்துக்காரரின் ஆட்கள் வந்து முதலில் அக்கரையில் ஒரு தகரக் கொட்டகை போட்டார்கள். சாமான் வைக்க. கொட்டகை என்றால் சின்னதில்லை. ஆற்றைப் பார்த்தபடி, பாலத்தின் வாயை ஒட்டி, ஃபேக்டரிச் சுவர் மாதிரி உயரமாகத் தகரத்தை நிறுத்தினார்கள். பிறகு பாலத்தின் பழைய பலகைகளை எல்லாம் பெயர்த்தார்கள். பெயர்த்து முடித்த சமயம் மழை தொடங்கியது. வேறெங்கோ இன்னொரு கொந்தராத்து இருக்கிறது, மழை விட்டதும் வருகிறோம் என்று போய்விட்டார்கள். போகுமுன் எங்களுக்காக இரும்புச் சட்டத்தின் மேல் நடக்கிற மாதிரி ஒற்றை வரிசையாகப் பலகை போட்டுக் கொடுத்தார்கள். ஒரு ஆள் அகலம். பிடித்துக்கொள்ள ஒரு பக்கம் கம்பி. மற்றப் பக்கம் ஒன்றுமில்லை. கீழே ஆறு.

நடுவில் இரண்டு பேர் எதிரெதிரே வந்துவிட்டால் ஒருவர் பின்னாலேயே நடக்க வேண்டும். கொழுந்துச் சாக்கைத் தலையில் வைத்திருக்கிறவர் எப்படிப் பின்னால் நடப்பார்? அதனால் குரல் கொடுக்கிற வழக்கம் முன்னைவிட இறுகிப்போனது. பதில் வந்தால் யாராயிருந்தாலும் நிற்பது. வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளையானாலும் நிற்பது.

அந்த நேரம் நான் வயிற்றில் பிள்ளையோடு இருந்தேன். முந்தி இரண்டு பிள்ளை எனக்குத் தங்கவில்லை. இரண்டுமே லயத்தில் பிறந்து, பிறந்த அன்றே போய்விட்டவை. ஆஸ்பத்திரி ஐயா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். "இந்தத் தடவையும் வீட்டுல வச்சுக்காத. வலி எடுத்த ஒடனே இங்க வந்துரணும். பிள்ள திரும்பிக் கெடக்கு. நேரத்தோட வந்தா நான் பார்த்துக்குவேன்." ஆடி பாதி கழிந்ததும் ஆஸ்பத்திரியிலேயே வந்து படுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். நேரத்தோடு அக்கரை போய்விட்டால் எனக்கு ஒரு பிள்ளை. போகாவிட்டால் இல்லை. அந்த மாதங்களில் எனக்குத் தெரிந்திருந்த கணக்கு அது ஒன்றுதான். தினமும் பிள்ளைக்காம்பராவில் அடுத்தவர் பிள்ளைகளை ஏணையில் போட்டு ஆட்டிக்கொண்டே அதையே நினைத்துக்கொண்டிருப்பேன்.

முதன்முதலில் அந்தப் பதிலைக் கேட்டவர்கள் கொழுந்து கொண்டுபோன பெண்கள். லொறி இந்தப் பக்கம் வர முடியாததால் கொழுந்தைச் சுமந்துபோய் அக்கரையில் ஏற்ற வேண்டியிருந்தது. ஒரு நாள் மூடுபனியில் போய் நின்று குரல் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்த வாய் மூடுமுன்னே பதில் வந்திருக்கிறது. ஒதுங்கி நின்றார்கள். யாரும் வரவில்லை. மறுபடி குரல் கொடுத்தார்கள். மறுபடி பதில். மழையில் நனைந்துகொண்டு நின்று, பனி விலகிய பிறகு பார்த்தால் பாலம் வெறுமையாகக் கிடந்தது. அக்கரையிலும் ஆளில்லை. லொறி டிரைவர் மேலே முடக்கில் தூங்கிக்கொண்டிருந்தார், தான் வாயே திறக்கவில்லை என்றார்.

அதன் பிறகு பனி இறங்கிய நாளெல்லாம் இதே கதைதான். யார் கூப்பிட்டாலும் பதில் வந்தது. ஆண் கூப்பிட்டால் ஆண் குரல், பெண் கூப்பிட்டால் பெண் குரல். காத்திருந்தால் ஆள் வராது.

கணக்கப்பிள்ளை ஐயா எல்லாரையும், காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டில் வைத்துத் திட்டினார். "அறிவுகெட்டதுகளா, அது எதிரொலி. மலையில கத்துனா திருப்பிக் கேக்காதா?"

"கேக்கும்ங்க ஐயா. இத்தன வருசமா அந்த எடத்துல கேக்காத எதிரொலி இப்ப எங்கேருந்துங்க வந்துச்சு?" என்று ஒருத்தி திருப்பிக் கேட்டாள். அவர் பேர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். தகரக் கொட்டகையை அவரும் நினைக்கவில்லை, நாங்களும் நினைக்கவில்லை. கொட்டகை வந்தது வெயில் நாளில், பனி இறங்கியது அதற்கு எவ்வளவோ பிறகு. வெயில் நாளில் யாரும் பாலத்தில் நின்று கத்துவதில்லையே.

லயத்தில் வேறு பேச்சு கிளம்பிவிட்டது. சேவல் இல்லை, சொந்தக்காரன் இல்லை, பாலத்தைப் பிரித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அது கூப்பிடாமல் என்ன செய்யும்? கொந்தராத்துக்காரன் பலிக்குத் தலை தேடுகிறான் என்றார்கள். தலை விழாமல் பலகை தங்காது என்றார்கள். பிள்ளைகளை மாலையானால் வெளியே விடவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் ஒருநாள் நானே தனியாகப் போய்ப் பாலத்தடியில் நின்று ஒரு குரல் கொடுத்துப் பார்த்தேன். வெள்ளைப் பனிக்குள்ளிருந்து ஒரு பெண் பதில் சொன்னாள். பக்கத்தில் நின்று சொல்வது போல இருந்தது. திரும்பி லயத்துக்கு வந்து, யாரிடமும் சொல்லாமல், அடுப்படியில் உட்கார்ந்துகொண்டேன்.

வலி ஆடி பிறந்த கையோடு வந்தது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு. நான் பிள்ளைக்காம்பராவில் இருந்தேன். என் வீட்டுக்காரரும் கொழுந்தனும் ஓடிவந்து, கம்பளியைக் கழியில் கட்டித் தூளியாக்கி, என்னை அதில் போட்டுத் தூக்கினார்கள். மருத்துவச்சி அக்கா கூடவே வந்தார். எங்கள் டிவிசனில் பாதிப் பேர் அவர் கையில் பிறந்தவர்கள். அவரே சொல்லிவிட்டார், "இது என் கைக்கு அடங்காது, தூக்குங்க ஆஸ்பத்திரிக்கு" என்று.

தூளிக்குள் கிடந்தால் ஒன்றும் தெரியாது. கம்பளி முகத்தை மூடிக்கொள்ளும். ஈரக் கம்பளி வாசனையும், மேலே கழி முனகுகிற சத்தமும்தான். தேயிலைச் செடி உரசுகிறது தெரிந்தது. பிறகு ஆற்றுச் சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது. பாலம் வந்துவிட்டது, இன்னும் கொஞ்சம்தான் என்று நினைத்தேன். தூளி நின்றது.

"கண்ணு தெரியல. ஒரே பனி" என்றான் கொழுந்தன்.

என் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். பதில் வந்தது.

அவர் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. இன்னொரு முறை குரல் கொடுத்தார், இன்னொரு முறை பதில். "அதுதான் அண்ணே, அதேதான்" என்றான் கொழுந்தன். கழி ஆடியது.

"எதுவா இருந்தா என்ன? போங்க!" என்று உள்ளேயிருந்து கத்தினேன். அப்போது ஒரு வலி வந்தது. முதுகைப் பிளந்துகொண்டு வந்தது. வாயை விட்டு அலறினேன்.

அக்கரையில் ஒரு பெண் அலறினாள்.

மருத்துவச்சி அக்கா என் வயிற்றின் மேல் வைத்திருந்த கையை எடுத்தார். அடுத்த வலி வந்தது. நான் அலறினேன், அவளும் அலறினாள். கேட்டால் யாருக்கும் தெரியும், அது பிரசவ வலி. வேறு எந்த வலிக்கும் அந்தச் சத்தம் கிடையாது.

"அட பாவமே, அங்கயும் ஒரு பிள்ளத்தாச்சி" என்றார் மருத்துவச்சி அக்கா. அவர் குரலில் பயம் போய் இரக்கம் வந்துவிட்டது. "இது பேயில்லப்பா. பேய்க்கு எங்க பிரசவ வலி? யாரோ பொம்பள. இந்தப் பக்கம் சொந்தக்காரங்க யாருகிட்டயோ தூக்கிட்டு வாராங்க."

அந்தப் பேச்சைக் கேட்டதும் ஆண்கள் இருவருக்கும் உயிர் வந்தது. பேய்க்குப் பயப்படத்தான் செய்வார்கள், மனுசருக்கு என்ன பயம்? மனுசர் என்றால் வழக்கம் இருக்கிறது. பதில் கொடுத்தவருக்கு முதல் வழி.

"அப்ப அவங்க வரட்டும். ஒதுங்கு" என்றார் என் வீட்டுக்காரர். என்னைப் பாலத்தின் ஓரமாக, ஒரு கல்லின் மேல், தூளியோடு இறக்கினார்கள்.

"அவங்களும் நம்மள மாதிரி நமக்காக நிக்கிறாங்களோ என்னமோ" என்றான் கொழுந்தன் சற்றுப் பொறுத்து.

"நின்னா நிக்கட்டும், நாமளும் நிப்போம். நடுவுல முட்டிக்கிட்டா தூளியத் திருப்ப முடியுமா? ரெண்டு பேரும் புள்ளையோட ஆத்துல" என்றார் மருத்துவச்சி அக்கா. அவர் சொன்னதில் பிழையில்லை. அந்தப் பலகையில் தூளிக்கு எதிரே தூளி வந்தால் அதுதான் கதி.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் குரல் கொடுப்பார், பதில் வரும், "வர்றாங்க, வர்றாங்க" என்பார்கள். நானும் நம்பினேன். இதைச் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பெண்ணுக்காக என் நெஞ்சு உருகியது. எனக்கு வலிக்கிற போதெல்லாம் அவளுக்கும் வலிக்கிறது, யார் பெற்ற பெண்ணோ, அவளை யார் தூக்கி வருகிறார்களோ, அவளுக்கும் இது மூன்றாவதோ என்றெல்லாம் நினைத்தேன். முதலில் அவள் வரட்டும் என்றுகூட ஒரு நேரம் நினைத்தேன்.

பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. நான் சும்மா இருக்கும்போது அவள் ஏன் ஒருமுறைகூட அழவில்லை? வலி யாருக்கும் ஒரே நேரத்தில் வருவதில்லையே. அடுத்த வலி வந்தபோது கம்பளியின் ஓரத்தை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அக்கரையில் சத்தமில்லை. அதற்கடுத்த வலிக்கு வாயைத் திறந்தேன். அவளும் திறந்தாள். என் குரல்தான். என் தொண்டையில் கட்டியிருந்த கரகரப்புகூட அதில் இருந்தது.

"அங்க யாருமில்ல. அது என் சத்தம். போங்க, என்னத் தூக்கிட்டுப் போங்க!"

"வலி மண்டைக்கு ஏறிருச்சு, பெனாத்துறா" என்றார் மருத்துவச்சி அக்கா. என் நெற்றியைத் தடவினார். "பொறு தாயி. அந்தப் புள்ள வந்துரட்டும்."

எனக்கு அதற்குமேல் பொறுமை இல்லை. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டு கம்பளியைப் பிரித்து வெளியே வந்தேன். வெளியே ஒன்றுமே இல்லை. வெள்ளை. என் காலடியில் முதல் பலகை மட்டும் தெரிந்தது, அதற்கப்பால் அதுவும் இல்லை. நான் பலகையில் காலை வைத்தேன். என் வீட்டுக்காரர் "ஐயோ" என்று பாய்ந்து எனக்கு முன்னால் வந்து, என் இரண்டு கையையும் எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். எதிரே வருகிறவளைத் தன் உடம்பால் தடுத்துவிடலாம் என்று நினைத்திருப்பார். பின்னால் மருத்துவச்சி அக்கா என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சாமி பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

நடுப்பாலத்தில் ஒரு வலி வந்தது. பலகையில் நின்று அலறினால் கால் தடுமாறும் என்று சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன். ஒரு சத்தமும் நான் போடவில்லை. அப்படியிருந்தும் எதிரே, பனிக்குள், ஒருத்தி மெல்ல முனகினாள். ஆற்றுச் சத்தமாக இருக்கலாம். கம்பி இழுபட்ட சத்தமாக இருக்கலாம். எல்லாவற்றுக்கும் விளக்கம் கண்டுபிடித்துவிட்டேன், அந்த ஒரு முனகலுக்கு மட்டும் இந்த வயது வரை கண்டுபிடிக்கவில்லை.

அக்கரை வந்தது. தூளி இல்லை, ஆள் இல்லை. நனைந்த தகரச் சுவர் மட்டும் எங்கள் முன்னால் நின்றது. நான் சாய்ந்து நிற்க இடம் தேடினேன், என் வீட்டுக்காரர் தகரத்தில் கையை ஊன்றிக்கொண்டு என்னைத் தாங்கினார். நான் அலறினேன். அவர் கைக்குக் கீழே தகரம் அதிர்ந்தது. அவர் தகரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. அப்போது அவருக்குப் புரிந்துவிட்டது. என்னைத் தூக்கிக்கொண்டு மேடேறி ஓடினார்.

ஆஸ்பத்திரி வரை போக முடியவில்லை. முடக்கிலிருந்த நானா கடையின் பின்னறையில் படுக்க வைத்தார்கள். நானாவின் மனைவி வெந்நீர் வைத்துக் கொடுத்தார், துணி கொடுத்தார். கடைச் சாக்குகளை விரித்த இடத்தில் என் மகன் பிறந்தான். கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. நிறைய முடி. அவன் அழவில்லை. கொழுந்தன் போய்ச் சொல்ல, ஆஸ்பத்திரி ஐயா மூச்சிரைக்க ஓடிவந்து, தலைகீழாகப் பிடித்துத் தட்டி, வாயில் ஊதி, என்னென்னவோ செய்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "கொஞ்சம் முந்தி வந்திருக்கக்கூடாதா" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மழை கொஞ்சம் தணிந்ததும் அவர் ஓவர்சியரைப் போய்ப் பார்த்தார். பாலம் இப்போது கொந்தராத்துக்காரர் கையில் இருக்கிறது, இலாக்கா தலையிட முடியாது என்றார் அவர். கொந்தராத்துக்காரர் வந்தபோது அவரிடமும் போனார். அவர் மெய்யாகவே வருத்தப்பட்டார், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் வேலை முடிந்து ஒப்படைக்கும்வரை பாலம் பாலமே இல்லை, நடக்கிற பலகைகூட ஒப்பந்தத்தில் இல்லாதது, இரக்கப்பட்டுப் போட்டது என்றார். கொட்டகையைப் பற்றிக் கேட்டதற்கு, "தகரம் என்ன செய்யும்?" என்றார். வீட்டுக்கு வந்து இதையெல்லாம் என்னிடம் சொல்லிவிட்டு அவர் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. பாலம் அத்தனை பேர் கண்முன்னே கிடந்தது, அதற்குப் பொறுப்பான ஆள் மட்டும் கிடையாது.

மழைக்குப் பிறகு வேலை மளமளவென்று முடிந்தது. நல்ல பலகை போட்டார்கள், இரண்டு பக்கமும் கம்பி வைத்துப் பெயின்ட் அடித்தார்கள். கொட்டகையைப் பிரித்து லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த மூடுபனியில் போய்க் குரல் கொடுத்தவர்களுக்குப் பதில் வரவில்லை.

தகரம் போயிற்று, சத்தமும் போயிற்று என்று நான் சொன்னேன். லயத்தில் யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு அதைவிட நல்ல காரணம் இருந்தது. என்னைக் கண்டால் எழுந்து நின்றார்கள். கோயில் பொங்கலில் முதல் பங்கு எனக்கு வந்தது. ஒருத்தி முருங்கைக் கீரை கொண்டுவந்து தருவாள், ஒருத்தி என் தண்ணீர்க் குடத்தை வாங்கிக்கொள்வாள். முதலில் பிள்ளையை இழந்தவள் என்று செய்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகுதான் விசயம் புரிந்தது. அவர்கள் கணக்கில், பாலம் கேட்ட தலை என் பிள்ளை. மருத்துவச்சி அக்கா ஒருவர்தான் வேறு மாதிரி. பாலத்தில் தலை விழுந்தது என்று அவர் நம்பவில்லை, தகரம் என்றும் நம்பவில்லை. பஸ் முடக்கில் யாராவது புது ஆள் இறங்கினால் பக்கத்தில் போய், "ஆடி மாசம் உங்க பக்கம் வலியெடுத்த பொண்ணு ஒண்ணு இருந்துச்சே, அதுக்கு என்னா ஆச்சு?" என்று விசாரிப்பார். சாகும்வரை விசாரித்தார்.

அடுத்த பங்குனியில் ஒரு நாள் நான் நானா கடைக்குப் போனேன். வழியில் பக்கத்து லயத்துப் பெண் ஒருத்தி சேர்ந்துகொண்டாள். சின்னப் பெண். இடுப்பில் பிள்ளை. எனக்குப் பிறகு சில நாளில், வெயிலடித்த ஒரு பகலில், நல்லபடியாக ஆஸ்பத்திரிக்கு நடந்துபோய்ப் பெற்று வந்தவள். பாலத்தில் ஏறியதும் ஆற்றுச் சத்தத்துக்குப் பிள்ளை சிணுங்கியது. அவள் அதன் முதுகைத் தட்டிக்கொண்டே, "அழாத கண்ணு. பாலத்துக்குப் பசி அடங்கிருச்சு. இனி ஒண்ணும் செய்யாது" என்றாள்.

பக்கத்தில் நடக்கிறது யார் என்று அவளுக்கு நினைவே இல்லை. அவளை அறைந்துவிடலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. கை தூக்கியிருப்பேன். அதற்குள் அவள் சேலைக் கொசுவம் அவிழ்ந்துவிட்டது. "அக்கா, ஒரு நிமிசம் புடிங்கக்கா" என்று பிள்ளையை என்னிடம் நீட்டினாள்.

வாங்கிக்கொண்டேன். ஆண் பிள்ளை. எட்டு மாதம் இருக்கும். என் தாலிக் கயிற்றைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டான். நல்ல கனமாக இருந்தான்.